வைஃபை போன் வாங்கினால் மட்டும் போதுமா? திருப்புட்குழி போன்ற ஊர்களின் சிறு நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் நோக்கிப் போகும் வழியில், பாலுசெட்டிச்சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர். சீதையைத் தூக்கிச் சென்ற செய்தியை ராமனிடம் சொல்லும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்த ஜடாயுவுக்கு இங்கேதான் ஈமக்கடன் நடந்தது என்கிறது தலபுராணம். ‘புள்’ என்றால் பறவை. ஊர்ப் பெயர் வந்ததும் அதனால்தான்.

செய்தி போய்ச் சேருவது இன்றைக்கும் பெரிய விஷயம்தான். சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய இதுபோன்ற ஊர்களில் அரிசி ஆலை, குடோன், திருமண மண்டபம், பள்ளி, சிறு மருத்துவமனை, பட்டறை என எதை எடுத்தாலும், ஒரு வளாகத்துக்குள் நாலைந்து இடங்களில் ஆட்கள் இருப்பார்கள். ஆபீஸிலிருந்து குடோனுக்கு, குடோனிலிருந்து கேட்டுக்கு, வெளியிலிருந்து வரும் வாடிக்கையாளரிடமிருந்து ஆபீஸுக்கு என்று நாள் முழுக்கப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். பழைய செம்புக் கம்பி லேண்ட்லைன்கள் போய், ஃபைபர் இணைப்பு வந்த இடங்களில் பலரும் இப்போது கேட்கும் கேள்வி இதுதான்: “நெட்டுதான் வந்துடுச்சே, வைஃபைல ஓடுற போனை வாங்கி மாட்டிட்டா என்ன?”

மாட்டலாம். ஆனால் போன் பெட்டியை வாங்கி, பாஸ்வேர்டு போட்டு, சார்ஜ் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால், முதல் வாரத்திலேயே “ஹலோ... ஹலோ... கேட்குதா?” தொடங்கிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல்களும் உண்டு. அமைப்பில் ஓட்டை இருந்தால் யாரோ வெளிநாட்டுக்குப் பேசிய பில் நம் தலையில் விழும். சட்டம் தெரியாமல் ஒரு பெட்டியை மாட்ட இடம் கொடுத்தால் சிறை வரைக்கும் போகும்.

இது செல்போனா, வாட்ஸ்அப் அழைப்பா?

இரண்டும் இல்லை. பார்க்கச் செல்போன் மாதிரியோ, வீட்டு கார்ட்லெஸ் போன் மாதிரியோ இருக்கும். உள்ளே சிம் கார்டு கிடையாது. அலுவலகத்தின் வைஃபையைப் பிடித்து, அதன் வழியே ஒரு சர்வரில் போய், “நான் 104-ம் எண், இங்கே இருக்கிறேன்” என்று பதிவு செய்துகொள்ளும். இந்தப் பதிவுக்கும், அழைப்பைத் தொடங்கி முடிப்பதற்கும் உள்ள பொது மொழிதான் எஸ்.ஐ.பி. இதன் இப்போதைய வடிவம் 2002-ல் வரையறுக்கப்பட்டது. பெரும்பாலான நிறுவனங்களின் இன்டர்நெட் போன்கள் இந்த மொழியில்தான் பேசுகின்றன. அதனால் ஒரு கம்பெனியின் போனையும் இன்னொரு கம்பெனியின் எக்ஸ்சேஞ்சையும் சேர்த்து ஓட்ட முடிகிறது.

சர்வர் என்பது ஆபீஸிலேயே ஒரு சிறு பெட்டியாக இருக்கலாம், சேவை நிறுவனத்திடம் வெகுதூரத்திலும் இருக்கலாம். வெளி எண்களுக்குப் பேச, உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் வாங்கிய இணைப்பு வேண்டும். இதை எஸ்.ஐ.பி. டிரங்க் என்பார்கள். பழைய ஆபீஸ்களில் இருந்த பி.ஆர்.ஐ. லைனின் இன்டர்நெட் வடிவம் இது. உள்ளுக்குள் பேசும் இன்டர்காம் மட்டும் போதும் என்றால் டிரங்கே தேவையில்லை.

100 எம்.பி. வேகம் இருக்கே, அப்புறம் ஏன் பேச்சு உடையுது?

இந்தக் கேள்வியில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம்.

தொலைபேசித் தரத்தில் ஒரு குரலை அனுப்ப, ஜி.711 என்ற பழைய முறையில் நொடிக்கு 64 கிலோபிட் போதும். அதை 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, முகவரி ஒட்டி அனுப்பும்போது சுமார் 87 கிலோபிட் ஆகும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் போக 1 மெகாபிட், வர 1 மெகாபிட்டுக்குள் முடிந்துவிடும். ஜி.729 முறையில் ஒரு அழைப்புக்கு 31 கிலோபிட் சுற்றியே போதும். ஆக, வேகம் பிரச்சினையே இல்லை.

பிரச்சினை நேரம். யூடியூப் வீடியோ இரண்டு நொடி முன்னதாகவே கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்ளும். நடுவில் தடை வந்தாலும் நமக்குத் தெரியாது. பேச்சுக்கு அந்த வசதி இல்லை. வாயிலிருந்து காதுக்குப் போக 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட, ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடுவது போல ஆகிவிடும். பொட்டலங்கள் ஒழுங்கான இடைவெளியில் வராமல் முன்பின்னாக வந்தால் குரல் கரகரக்கும். நூற்றில் ஒன்றிரண்டு தொலைந்தாலே வார்த்தைகள் விழுங்கப்படும்.

வைஃபையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு ஆக்சஸ் பாயின்ட்டில் இருக்கும் எல்லாக் கருவிகளும் ஒரே காற்றைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு போன் அழைப்பு நொடிக்குப் போக 50, வர 50 என நூறு சிறு பொட்டலங்களுக்கு இடம் கேட்கும். குடோன் மூலையில் சிக்னல் மங்கிய இடத்தில் நின்று ஒருவர் செல்போனில் வீடியோ பார்த்தால், அவர் கருவி மெதுவான வேகத்தில் பேசி, காற்றின் நேரத்தை விழுங்கிவிடும். பாதிக்கப்படுவது ஆபீஸில் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருப்பவர்.

இன்டர்நெட் பக்கத்திலும் இதே கதை. சிசிடிவி கேமராக்கள் பதிவை வெளியே ஏற்றிக்கொண்டிருந்தால் அப்லோடு பாதை நிரம்பிவிடும். அப்போது “அவங்க பேசுறது நல்லா கேட்குது, நாம பேசுறதுதான் போகல” என்ற புகார் வரும்.

சிக்னல் நாலு கோடு காட்டுதே?

கோடுகளை நம்பக் கூடாது. வைஃபை சிக்னலை டி.பி.எம். என்ற அளவில், மைனஸ் எண்ணாகச் சொல்வார்கள். பூஜ்ஜியத்துக்கு நெருங்க நெருங்க வலு அதிகம். மைனஸ் 80-ல் இருந்தால்கூட வாட்ஸ்அப் செய்தி போய்விடும். குரலுக்கு மைனஸ் 67-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. போனைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆட்கள் உண்மையில் நடமாடும் எல்லா இடத்துக்கும் போய் அளந்து பார்ப்பதுதான் ஒரே வழி. செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபை அளக்கும் ஆப் ஒன்றே முதல் கட்டத்துக்குப் போதும்.

அளக்கும்போது ஊரின் கட்டடங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். தகரக் கூரையும் இரும்பு ரேக்கும் அலையைத் திருப்பி அடிக்கும். பழைய வீடுகளின் ஒன்றரை அடிச் சுவர் அலையைக் குடித்துவிடும். நெல் மூட்டையும் துணிக் கட்டும் காலியாக இருந்த குடோனில் நிரம்பியதும் சிக்னல் மாறிவிடும். காலி மண்டபத்தில் அளந்து, முகூர்த்த நாளில் ஆயிரம் பேர் வந்து உட்கார்ந்ததும் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பதில் பயனில்லை. மனித உடலும் அலையைத் தடுக்கும், அந்த ஆயிரம் பேரின் செல்போன்களும் காற்றில் சத்தம் போடும்.

“அப்போ ஆக்சஸ் பாயின்ட் பவரைக் கூட்டி வெச்சுடலாம்” என்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. அது தவறு. ஆக்சஸ் பாயின்ட் உரக்கக் கத்தினால் போனுக்குக் கேட்கும். ஆனால் போனின் சின்ன ஆன்டெனா அதே உரத்தில் பதில் சொல்ல முடியாது. மறுபடியும் ஒருபக்கப் பேச்சுதான் மிஞ்சும். ஒரே பெரிய பெட்டியைவிட, மிதமான பவரில் நாலு சிறு பெட்டிகள் நல்லது.

நடந்துகொண்டே பேசினால் ஏன் கட்டாகுது?

ஆபீஸ் ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து குடோன் ஆக்சஸ் பாயின்ட்டுக்குப் போன் தாவ வேண்டும். எப்போது தாவுவது என்று முடிவெடுப்பது போன்தான். பழைய பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் போன்கள் உண்டு. தாவும்போது பாஸ்வேர்டு சோதனையை முதலிலிருந்து செய்தால் அரை நொடி, ஒரு நொடி போய்விடும். அதற்குள் வாக்கியம் உடைந்துவிடும். இதைக் குறைக்கத்தான் 802.11ஆர், 802.11கே என்ற வசதிகள் வந்தன. ஆக்சஸ் பாயின்ட், போன் இரண்டிலும் இவை இருக்க வேண்டும். கடைக்கு ஒன்றாக வாங்கி மாட்டிய நாலு கம்பெனி ரூட்டர்களில் இது நடக்காது. ஒரே கட்டுப்பாட்டில் இயங்கும் பெட்டிகள் வேண்டும்.

சேனல் தேர்விலும் கவனம் தேவை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அக்கம்பக்கக் கடைகளின் வைஃபை எல்லாம் அங்கேதான் நிற்கும். முடிந்தவரை குரலை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது நல்லது. தூரம் குறையும், நெரிசலும் குறையும். இந்த அலைவரிசையில் வெளிப்புறத்திலும் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2018 அக்டோபரில் மத்திய அரசு வழிவிட்டது. அதனால் வளாகத்தின் முற்றத்திலும் கேட்டிலும்கூட 5 கிகாஹெர்ட்ஸ் பெட்டி மாட்டலாம். ராடார் பயன்படுத்தும் சேனல்களை மட்டும் குரலுக்குத் தவிர்ப்பது நல்லது. ராடார் அலை தென்பட்டால் பெட்டி சட்டென்று சேனலை மாற்றிக்கொள்ளும், பேச்சு அறுந்துவிடும்.

வைஃபையா, டெக்டா?

கம்பியில்லா ஆபீஸ் போனுக்கு வைஃபை மட்டுமே வழி இல்லை. டெக்ட் என்ற ஐரோப்பியத் தரமும் உண்டு. இதில் குரலுக்கென்றே அலைவரிசை. பத்து அலைவரிசைகள், ஒவ்வொன்றிலும் 12 ஜோடி நேரத் துண்டுகள். ஒரு அழைப்பு தொடங்கினால் அதற்கென ஒரு துண்டு ஒதுக்கப்படும். வேறு யாரும் அதில் நுழைய முடியாது. பேட்டரியும் வைஃபை போனைவிட நீண்ட நேரம் நிற்கும். டெக்ட் நிலையத்திலிருந்து உள்ளே போகும் கம்பி மட்டும் இன்டர்நெட் வழி.

இந்தத் தொழில்நுட்பம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான டெனெட் குழு, மைடாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து இதே டெக்டை அடிப்படையாக வைத்து ‘கார்டெக்ட்’ என்ற அமைப்பை உருவாக்கியது. கிராமத்துக்குச் செம்புக் கம்பி இழுக்கும் செலவைத் தவிர்ப்பதே நோக்கம். நேர்பார்வை இருந்தால் 10 கிலோமீட்டர் வரையிலும், இடைநிலைப் பெட்டி வைத்தால் 25 கிலோமீட்டர் வரையிலும் எட்டியது. பேசிக்கொண்டே 35 கிலோபிட் இன்டர்நெட், பேசாதபோது 70 கிலோபிட். 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் கிராம இன்டர்நெட் மையங்கள் இந்த இணைப்பில்தான் தொடங்கப்பட்டன.

செல்போனும் பிராட்பேண்டும் வந்து கார்டெக்டை ஓரம் கட்டிவிட்டன. ஆனால் அது சொல்லிக்கொடுத்த பாடம் மாறவில்லை: குரலுக்கு இடம் ஒதுக்கி வைத்தால்தான் குரல் ஒழுங்காகப் போகும். வைஃபையில் அந்த ஒதுக்கீடு தானாக வராது. நாம் செய்து வைக்க வேண்டும்.

எதை எடுப்பது? ஆட்கள் போனைப் பேச மட்டும் பயன்படுத்துவார்கள், வளாகம் பெரியது என்றால் டெக்ட் வசதி. நல்ல வைஃபை ஏற்கெனவே இருக்கிறது, போனிலேயே பார்கோடு படிப்பது, செய்தி பார்ப்பது போன்ற வேலைகளும் வேண்டும் என்றால் வைஃபை. எதுவானாலும், வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த கருவியை மாட்டக் கூடாது. டெக்ட் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். அலை பரப்பும் கருவிகளுக்கு இந்தியாவில் டபிள்யூ.பி.சி. பிரிவின் ஒப்புதல் வேண்டும். கார்ட்லெஸ் போன், ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் போன்றவற்றுக்கு 2019 அக்டோபர் முதல் கட்டாயப் பரிசோதனைச் சான்றும் நடைமுறையில் இருக்கிறது. கடைக்காரரிடம் இரண்டையும் கேட்டு வாங்குவது நல்லது.

நிறுவும்போது என்ன வரிசை?

* முதலில் வளாகத்தை அளக்க வேண்டும். போன் வாங்குவது அதற்கு அப்புறம். ஆக்சஸ் பாயின்ட்டுகளைக் கம்பி வழியே இணைக்க வேண்டும். காற்று வழியாக ஒன்றிலிருந்து ஒன்று சிக்னலை வாங்கிக் கொடுக்கும் ரிப்பீட்டர்கள் குரலுக்கு ஆகாது.
* குரலுக்குத் தனி வைஃபை பெயர், தனி வி-லேன். விருந்தினர் வைஃபையும் சிசிடிவியும் அதில் சேரக் கூடாது.
* ஆக்சஸ் பாயின்ட்டில் டபிள்யூ.எம்.எம். என்ற வசதி இயங்க வேண்டும். போன் அனுப்பும் குரல் பொட்டலத்தில் 46 என்ற முன்னுரிமை எண் ஒட்டப்பட்டிருக்கும். சுவிட்ச், ரூட்டர் எல்லாம் அந்த எண்ணை மதிக்கும்படி அமைக்க வேண்டும். நடுவில் ஒரு பெட்டி மதிக்காவிட்டாலும் பலன் போயிடும்.
* ரூட்டரில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்றொரு அமைப்பு இருக்கும். உதவி செய்வதற்காக வைத்தது. நடைமுறையில் பெரும்பாலும் உபத்திரவம். ஒருபக்கக் குரல், பாதியில் அறுந்துபோகும் அழைப்பு என்றால் முதலில் இதை அணைத்துப் பார்க்க வேண்டும்.
* சும்மா இருந்த போனுக்கு வெளி அழைப்பு வரவில்லை, நாம் ஒரு தடவை பேசிய பிறகு வருகிறது என்றால், ரூட்டர் அந்த வழியை மூடிவிட்டது என்று பொருள். போன் அரை நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரை எட்டிப் பார்க்கும்படி வைத்தால் சரியாகும்.
* இரண்டு போனில் ஆரம்பித்து, ஒரு வாரம் நடந்து நடந்து பேசிப் பார்த்துவிட்டு, மற்றதை வாங்கலாம்.

கரண்ட் போனால்?

பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் கம்பியில் வந்தது. ஊரே இருட்டானாலும் போன் அடித்தது. இன்டர்நெட் போனில் அந்தச் சௌகரியம் இல்லை. ஃபைபர் பெட்டி, ரூட்டர், சுவிட்ச், ஆக்சஸ் பாயின்ட் இவற்றில் ஒன்று அணைந்தாலும் கையில் இருக்கும் போன், சார்ஜ் முழுதாக இருந்தும் வெறும் டப்பாதான்.

நாலு ஆக்சஸ் பாயின்ட் உள்ள சிறு அமைப்பு முழுவதும் 100 வாட் சுற்றித்தான் மின்சாரம் கேட்கும். வழக்கமான இன்வெர்ட்டர் பல மணி நேரம் தாங்கும். ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்த ஒரு கணத்தில் பெட்டிகள் அணைந்து மறுபடி எழுந்தால், போன்கள் திரும்பப் பதிவாகச் சில நிமிடம் ஆகும். அதனால் இவற்றுக்கு மட்டும் ஒரு சிறு யூ.பி.எஸ். தனியாக வைப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி அடிக்கும் பகுதி என்பதால், வெளியே மாட்டிய பெட்டிக்குப் போகும் கம்பியில் இடிதாங்கிக் கருவியும் எர்த்தும் அவசியம்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அவசர உதவி எண் 112-ஐ இன்டர்நெட் போனில் அழைத்தால் அது போய்ச் சேரும், அழைப்பவர் இருக்கும் இடம் தெரியும் என்று நம்பிவிட முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இன்டர்நெட் தொலைபேசி பற்றி 2017 அக்டோபரில் தந்த பரிந்துரையில், அவசர அழைப்பு வசதியைத் தர நிறுவனங்களை ஊக்குவிக்கலாம், கட்டாயப்படுத்த வேண்டியதில்லை, ஆனால் இந்தக் குறையை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும் என்றது. எனவே பட்டறையோ பள்ளியோ மருத்துவமனையோ, சிம் போட்ட ஒரு செல்போனைச் சார்ஜுடன் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும். இரவுக் காவலருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் எதைத் தடுக்கிறது?

இந்தியாவில் இன்டர்நெட் தொலைபேசிக்குக் கதவு திறந்தது 2002 ஏப்ரல் 1-ல். ஆனால் அரைக் கதவு. கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கும், கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டுப் போனுக்கும் பேசலாம். இந்தியாவுக்குள் இருக்கும் சாதாரணப் போனுக்குப் பேசக் கூடாது என்று வைத்திருந்தார்கள். டிராயின் 2017 பரிந்துரைக்குப் பிறகு 2018-ல் உரிம விதிகள் திருத்தப்பட்டன. அந்த ஜூலையிலேயே பி.எஸ்.என்.எல். ‘விங்ஸ்’ என்ற பெயரில் சிம் இல்லாத இன்டர்நெட் தொலைபேசிச் சேவையை அறிவித்தது. 2019 டிசம்பரில் ஏர்டெல்லும், 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை அழைப்பைக் கொண்டுவந்தன. கால் சென்டர்களுக்கான கட்டுப்பாடுகளும் 2020 நவம்பர், 2021 ஜூன் என இரண்டு தவணையில் பெருமளவு தளர்த்தப்பட்டன.

அப்படியென்றால் இப்போது எதைச் செய்யக் கூடாது? ஒரு வளாகத்துக்குள் இன்டர்நெட் போனில் பேசலாம். உரிமம் பெற்ற நிறுவனத்தின் எண்ணை வாங்கி வெளியே பேசலாம். ஆனால் வெளியிலிருந்து வரும் அழைப்புகளைப் பொது இன்டர்நெட் வழியே கொண்டுவந்து, இங்குள்ள லைனிலோ சிம்மிலோ உள்ளூர் அழைப்பு போல இறக்கிவிடக் கூடாது. இதற்கு டோல் பைபாஸ் என்று பெயர். தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் அரசுக்கும் வர வேண்டிய பணம் போய்விடும். அதைவிட முக்கியம், அழைத்தவர் யார் என்ற தடயமே இல்லாமல் போய்விடும்.

இதில் இன்னும் ஏன் பணம் புரள்கிறது? உள்நாட்டு அழைப்புக்கு ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுத்துவந்த இணைப்புக் கட்டணம் 2021 ஜனவரி 1 முதல் பூஜ்ஜியம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 35 முதல் 65 காசு வரை என்று 2020-ல் நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் காசை ஏமாற்றவும், வெளிநாட்டு மோசடி அழைப்பை உள்ளூர் எண் போலக் காட்டவும்தான் ‘சிம் பாக்ஸ்’ கும்பல்கள் இயங்குகின்றன.

இந்த இடத்தில்தான் கிராமத்துக் கட்டட உரிமையாளர்கள் உஷாராக இருக்க வேண்டும். “அண்ணே, மாடியில ஒரு சின்னப் பெட்டி வைக்கிறோம். உங்க நெட்டும் கரண்டும் போதும், மாசாமாசம் வாடகை வந்துடும்” என்று யாராவது வந்தால், அது கைபேசிக் கோபுரமா, கம்பெனி எது, உரிமம் எங்கே என்று கேட்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. அனுமதியில்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-வது பிரிவு. இந்தப் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்டர்நெட் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, போலீஸ் முதலில் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

இன்னொரு விதி வியாபாரிகளை நேரடியாகத் தொடும். எஸ்.ஐ.பி., பி.ஆர்.ஐ. லைன்களில் பதிவு பெறாமல் விளம்பர அழைப்பு செய்பவர்களின் எல்லா இணைப்புகளையும் இரண்டு ஆண்டு வரை துண்டிக்கவும், கறுப்புப் பட்டியலில் சேர்க்கவும் 2024 ஆகஸ்ட் 13-ல் டிராய் உத்தரவிட்டது. “சார், காஞ்சிபுரம் பைபாஸ் பக்கத்துல பிளாட் இருக்கு” என்று ஊருக்கெல்லாம் போன் போடச் சொல்லும் மனை வியாபாரிகளுக்கு இது எச்சரிக்கை. புதிய அமைப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆயிரம் எண்களுக்குத் தானாக அழைப்பு போகும் என்று விற்பனையாளர் சொல்வதைக் கேட்டு இறங்கினால், பல ஆண்டாக வாடிக்கையாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்ணே போய்விடும்.

ராத்திரியில் யார் பேசியது?

இன்டர்நெட் போன் வைத்திருப்பவர்களுக்கு உலகம் முழுக்க நடக்கும் திருட்டு ஒன்று உண்டு. எஸ்.ஐ.பி. வழக்கமாக 5060 என்ற வாசலில் இயங்கும். அந்த வாசல் இன்டர்நெட்டைப் பார்த்துத் திறந்திருந்தால், தானியங்கி மென்பொருள்கள் 101, 102 என்று எண்களையும், 1234 போன்ற பாஸ்வேர்டுகளையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருக்கும். ஒன்று திறந்தால் போதும். சனிக்கிழமை இரவில், ஆபீஸ் பூட்டிய பிறகு, கட்டணம் அதிகமுள்ள வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் பறக்கும். அந்த எண்களின் வருமானத்தில் திருடருக்குப் பங்கு உண்டு. பில் வரும்போதுதான் உரிமையாளருக்கு விஷயம் தெரியும்.

தடுப்பது கஷ்டமில்லை. வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் சேவை நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து முழுவதுமாக அடைத்துவிட வேண்டும். தேவை என்றால் நாளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கலாம். ஒவ்வொரு போனுக்கும் நீளமான தனி பாஸ்வேர்டு வேண்டும். போனின் அமைப்புப் பக்கத்துக்குக் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும். எக்ஸ்சேஞ்ச் பெட்டியை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து வைக்காமல், சேவை நிறுவனத்தின் முகவரியிலிருந்து மட்டும் வரும்படி கட்டுப்படுத்த வேண்டும். வேலையை விட்டுப் போனவர் கையில் இருந்த எண்ணை அன்றைக்கே நீக்க வேண்டும். பேச்சை யாரும் ஒட்டுக் கேட்காமல் இருக்க, டி.எல்.எஸ்., எஸ்.ஆர்.டி.பி. என்ற பூட்டு வசதிகள் இரண்டு பக்கமும் இருந்தால் இயக்கிவிடலாம்.

யாருக்கு லாபம்?

மூன்று பேர் ஒரே அறையில் உட்காரும் கடைக்கு இது தேவையில்லை. ஒரு செல்போனும், ஃபைபருடன் வரும் ஒரு லேண்ட்லைன் எண்ணும் போதும். ஆட்கள் நகர்ந்துகொண்டே இருக்கும் இடங்களில்தான் வித்தியாசம் தெரியும்: வார்டிலிருந்து மருந்தகத்துக்கு ஓடும் செவிலியர், லாரி வந்ததும் குடோனிலிருந்து எடைமேடைக்குப் போகும் மேற்பார்வையாளர், மண்டபத்தில் சமையல்கட்டுக்கும் வாசலுக்கும் நடுவே அலையும் மேலாளர். அழைப்பு ஆளின் சொந்த செல்போனுக்குப் போகாமல் நிறுவனத்தின் எண்ணிலேயே நிற்பது இதில் பெரிய லாபம். ஆள் மாறினாலும் வாடிக்கையாளர் கைவிட்டுப் போக மாட்டார்.

பட்ஜெட் போடும்போது எல்லோரும் போன் எத்தனை ரூபாய் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அளப்பது, கம்பி இழுப்பது, நல்ல ஆக்சஸ் பாயின்ட், யூ.பி.எஸ்., அமைத்துக் கொடுத்துவிட்டு மழைக்காலத்திலும் போன் எடுத்துப் பேசும் உள்ளூர் டெக்னீஷியன் - இந்த ஐந்துக்கும் பணம் ஒதுக்கிய பிறகு மிச்சம் இருப்பதில் போன் வாங்கினால் போதும். சாதாரணப் போனும் நல்ல வலையில் தெளிவாகப் பேசும். வலை சரியில்லாத இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த போனை வாங்கினாலும் “ஹலோ, ஹலோ” ஓயாது.

நிறுவித் தரும் டெக்னீஷியனிடம் கையெழுத்துப் போடும் முன் நாலு கேள்வி கேட்டால் போதும். குடோன் கடைசி மூலையில் சிக்னல் எவ்வளவு? கரண்ட் போனால் எவ்வளவு நேரம் பேசலாம்? வெளிநாட்டு அழைப்பு அடைத்திருக்கிறதா? எண் எந்த உரிமம் பெற்ற நிறுவனத்துடையது? நாலுக்கும் எண்ணோடும் பெயரோடும் பதில் எழுதிக் கொடுப்பவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.